ஹேங்கரில் எதைப் பார்ப்பது?

வணக்கம் நேயர்களே. தானே எதையும் தயாரிக்காமல், பல கம்பெனிகளின் பங்குகளைக் கையில் வைத்திருக்கும் தாய் நிறுவனத்தை ஹோல்டிங் கம்பெனி என்கிறோம். அப்படியொன்றிடம் விமானப் பராமரிப்பு, உதிரிபாக விற்பனை, விமானி பயிற்சி என்று நாலைந்து தொழில்கள் இருந்தால், முதலீட்டாளர்களையும் ஆலோசகர்களையும் அவ்வப்போது கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டும். ஆலோசகனாக அந்தக் கூட்டத்தில் பல தடவை நடந்திருக்கிறேன்.

விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் கொட்டகையான ஹேங்கருக்குள் நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். தரைப் பலகைகள் கழற்றப்பட்டு, எஞ்சின் மூடிகள் திறந்து கிடக்கும் விமானம் பிரமிப்பாகத்தான் இருக்கும். நான் மெல்ல நழுவி உதிரிபாகக் கிடங்குக்குப் போய்விடுவேன்.

அங்கே ஒரு மரப்பெட்டியில் டர்பைன் தட்டு ஒன்று இருக்கும். எஞ்சினின் வெப்பமான பகுதியில் சுழலும் கனமான உலோக வட்டம். விமானம் ஒரு தடவை ஏறி இறங்கினால் அதன் ஆயுளில் ஒரு சுற்று கழியும். போயிங் 737, ஏர்பஸ் ஏ320 இரண்டிலும் ஓடும் சிஎஃப்எம்56 எஞ்சினில், இப்படி ஆயுள் வரையறுத்த பாகங்களுக்கு ஏறத்தாழ 15,000 முதல் 30,000 சுற்றுகள் வரை கணக்கு. கணக்கு முடிந்தால், பார்க்கப் புதிதுபோலப் பளபளத்தாலும் கழற்றியே ஆக வேண்டும்.

இப்போது அந்தத் தட்டோடு கட்டியிருக்கும் அட்டையைப் பாருங்கள். வரிசை எண், ஓடிய சுற்றுகள், கடைசியாகச் சரிபார்த்தவரின் கையெழுத்து. செய்த நாள் முதல் எந்த எஞ்சினில் எத்தனை சுற்று ஓடியது என்ற பதிவு அறுபடாமல் இருந்தால்தான் அதற்கு விலை. நடுவில் ஓராண்டுப் பதிவு தொலைந்தாலும் அது பழைய இரும்புதான். 2023-ல் சிஎஃப்எம்56 பாகங்கள் போலிச் சான்றிதழோடு விற்கப்பட்டது வெளியே வந்தபோது, பல நாட்டு விமான நிறுவனங்கள் எஞ்சின்களைத் திறந்து அவற்றைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று.

அதனால் கிடங்குக்காரரிடம் ஒன்று கேட்பேன். "நான் கை வைக்கிற பாகத்தின் காகிதத்தைக் காட்டுங்கள், ஐயா." அவர் நேராகப் போய்க் கோப்பை எடுத்து வந்தால் சரி. நாலு பேருக்குப் போன் போட்டால், உதிரிபாக இருப்புக்குக் கம்பெனி கணக்கில் காட்டும் தொகையை நான் அப்படியே நம்ப மாட்டேன். சந்தேகப் பாகங்களைத் தனியே பூட்டி வைக்கும் கூண்டையும் பார்ப்பேன். அது எப்போதும் காலியாக இருந்தால், எதையும் யாரும் சந்தேகப்படுவதில்லை என்றே எனக்குப் படும்.

அப்புறம், தாய் நிறுவனத்தைப் பற்றி ஒன்று. பல தொழில்கள் கையில் இருந்தால் ஒன்று சரிந்தாலும் இன்னொன்று தாங்கும் என்பார்கள். விமானத் துறைக்குள்ளேயே இருக்கும் பல தொழில்களுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. அமெரிக்க ஹோல்டிங் கம்பெனியான பெர்க்ஷயர் ஹாத்வே 1996-ல் ஃப்ளைட்சேஃப்டி என்ற விமானி பயிற்சி நிறுவனத்தை வாங்கியது. 1998-ல் தனியார் ஜெட் விமானங்களைப் பங்கு முறையில் தரும் நெட்ஜெட்ஸ், 2016-ல் விமான எஞ்சின் பாகங்கள் செய்யும் பிரிசிஷன் காஸ்ட்பார்ட்ஸ். 2020-ல் கொரோனாவால் விமானங்கள் தரையிறங்கி நின்றபோது, இந்தக் கடைசி நிறுவனத்தின் மதிப்பில் மட்டும் சுமார் 1,000 கோடி டாலரைக் கணக்கிலிருந்து குறைக்க வேண்டி வந்தது. காப்பீடு, ரயில் என்று வேறு வருமானம் இருந்ததால் தாய் நிறுவனம் அசையவில்லை. வெறும் விமானத் தொழில்களை மட்டும் வைத்திருப்பவரிடம், "எல்லாம் ஒன்றாக நின்றால் எத்தனை மாதம் தாங்கும்?" என்று கேட்டே ஆக வேண்டும்.

இன்னொரு கேள்வியைத் தரப் பொறுப்பாளரிடம், மேலதிகாரிகள் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்: "கடைசியாக எந்த விமானத்தைக் கிளம்ப விடாமல் நிறுத்தினீர்கள்? அன்று தலைமை அலுவலகம் என்ன சொன்னது?" அவர் யோசிக்காமல் ஒரு விமானத்தைச் சொல்லி, "ஒன்றும் சொல்லவில்லை, சார்" என்று முடித்தால், அந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை நான் நம்பிக்கையோடு திறப்பேன்.