ஹட்சிங்ஸ் பாதிரியாரும் நம்ம பள்ளி வேனும்

மேடையில வீற்றிருக்கிற ஒய்.பி. அவர்களே, டத்தோ அவர்களே, டத்தின் அவர்களே, கோயில் தலைவர் ஐயா, பாஸ்டர் ஐயா, தலைமையாசிரியை அம்மா, விடியறதுக்கு முன்னமே வந்து நாற்காலி போட்ட முன்னாள் மாணவர்களே, எல்லாருக்கும் வணக்கம். டத்தோ ராத்திரியோட ராத்திரியா கோலாலம்பூர்ல இருந்து வந்திருக்காரு, அவருக்கு ஒரு கைதட்டல் குடுங்க.

ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் பாதிரியாரைப் பத்தி மூணு விஷயம் பேசணும். அவரு தொடங்கின பள்ளி, மலாய் பைபிளைத் திருத்தின உழைப்பு, அவரு காலத்துப் பினாங்கு.

முதல்ல பள்ளி. எந்த இனம் எந்த மதமா இருந்தாலும் பிள்ளைங்க படிக்கணும்னு திட்டம் போட்டு, ஊர்ல நன்கொடை திரட்டி, 1816 அக்டோபர் 21ல பினாங்கு ஃப்ரீ ஸ்கூலைத் திறந்தாங்க. அங்க நடந்த தமிழ் வகுப்புல இருந்துதான் நம்ம நாட்டுத் தமிழ்க் கல்விக்கே கணக்கு, 2016ல 200 ஆண்டு கொண்டாடினோமே, அதுதான். அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும்னு எங்கம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க, பாதிரியாரு வாழ்க்கை அதுதாங்க. 1827ல இங்கயே இறந்து, பினாங்குல ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கின பிரான்சிஸ் லைட்டை அடக்கம் பண்ணின அதே கல்லறைத் தோட்டத்துலதான் இருக்காரு.

இப்ப நம்ம கதைக்கு வரேன். ஆயர் ஈத்தாம்ல ஒரு பிளாட், லிஃப்ட் கெட்டுப்போச்சு, நானும் இன்னொரு டீச்சரும் மூச்சு வாங்க ஏறிப்போய் கதவைத் தட்டினா, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட் முடிச்ச தாய், நீலச் சட்டையில நேம் டேக்கைக்கூட இன்னும் கழட்டல. "டீச்சர், தமிழ்ப்பள்ளியில போட ஆசைதான், ஆனா யாரு கொண்டுபோய் விடுறது, யாரு கூட்டிட்டு வர்றது? பக்கத்து ஸ்கூல்னா பிள்ளை நடந்தே போயிடும்"னு சொல்லுது. அந்தப் பிள்ளை பின்னால நின்னு நாங்க கொண்டுபோன பாலர் பாடப் புத்தகத்தை எடுத்து "அ... அம்மா"ன்னு வாசிக்குது! எங்களுக்கு மனசு கேக்கல. வேன்காரரு அண்ணன்கிட்ட பேசி, அவரு வழி சுத்திப் போக சம்மதிச்சு, பாதி காசை நாங்க நாலஞ்சு பேரு போட்டு, இன்னைக்கு அந்தப் பிள்ளை நம்ம பள்ளியில ரெண்டாம் ஆண்டு. அடி மேல் அடி வச்சா நகராத அம்மி இல்லைங்க.

டவுன்ல நம்ம பள்ளியில பிள்ளைங்க குறையுறதுக்குத் தமிழ் மேல வெறுப்பு காரணம் இல்ல, நான் அடிச்சுச் சொல்றேன், வேன் காசுதான் காரணம். மலாய் பைபிள் விஷயத்தையும் அந்தக் காலத்துப் பினாங்கையும் பாஸ்டர் ஐயா என்னை விட நல்லா சொல்வாரு, நேரமும் ஆச்சு. உங்க நாற்காலியில ஒரு உறை இருக்கு, மாசம் 10 வெள்ளி வேன் நிதிக்குத் தர்றவங்க பேரும் போன் நம்பரும் எழுதி, வாசல்ல பெற்றோர் ஆசிரியர் சங்க மேசையில குடுத்துட்டு, அப்புறமா பசியாறப் போங்க.