இருநூற்றுப் பதினான்கு கோடியும் சில்லறையும்

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூன்றாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. மறந்துவிட்டால் பரவாயில்லை. 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழியுங்கள். அதுதான் இது.

இது ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் மீதியில்லாமல் வகுபடாது. மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-லேயே இதைத் தம் பகா எண் பட்டியலில் சேர்த்துவிட்டார். ஆனால் அதே பட்டியலில் 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்து அவர் சொன்ன எண் பகா எண்ணே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஆக, அவர் வாக்கை அப்படியே நம்ப முடியாது. 1772-இல் ஆய்லர் என்ற சுவிஸ் கணித மேதைதான் நிரூபித்தார். அப்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, பார்வையும் ஏறக்குறைய போய்விட்டது.

எப்படி நிரூபித்தார்? எண் வகுபடும் என்றால் காரணிகள் ஜோடியாக வரும், ஜோடியில் ஒன்றாவது சின்னதாக இருக்கும்; இரண்டுமே 46,340-ஐத் தாண்டினால் பெருக்கல் நம் எண்ணை மீறிவிடும். அதனால் 46,340 வரை பார்த்தால் போதும். சரி, அதற்குள்ளேயே ஏறத்தாழ 4,800 பகா எண்கள் இருக்கின்றனவே! கையால் வகுத்துப் பாருங்கள், வாழ்க்கை வெறுத்துவிடும்.

எனக்கு அலுக்காத இடம் இதுதான். இந்த எண்ணை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி ஒன்றுதான் வர வேண்டும். 8-ஆல் வகுத்தால் மீதி ஒன்றோ ஏழோ வர வேண்டும். திரும்பவும் சொல்கிறேன்: 62-க்கு மீதி ஒன்று; எட்டுக்கு மீதி ஒன்று அல்லது ஏழு. இரண்டில் ஒன்றில் தேறாவிட்டாலும் அந்த எண்ணைத் தொடவே வேண்டாம். மூன்று போச்சு, ஐந்து போச்சு, ஏழு போச்சு. முதலில் தேறுவது 311. அதற்கு அடுத்தது எது தெரியுமா? 1303! நடுவில் உள்ள அத்தனை பகா எண்களும் அவுட். கடைசியில் வகுத்துப் பார்க்க மிஞ்சுவது நூறுகூட இல்லை. எதுவும் வகுக்கவில்லை. முடிந்தது வேலை.

இன்றைய கணினிக்கு இது கண் சிமிட்டும் வேலைதானே என்பார்கள். இருக்கட்டும். ஆயிரக்கணக்கான வகுத்தல்களைச் செய்யாமலே தள்ளிய அந்த மூளைக்கு நான் இன்றும் ரசிகன்.

நேரம் நெருங்குகிறது என்று கை காட்டுகிறார்கள். இன்னும் இரண்டு விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறை மீதியில்லாமல் வகுக்கும், ஆறைவிடச் சின்ன எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டினால் ஆறே வரும். இப்படிப்பட்டதைச் செவ்விய எண் என்பார்கள். நம் எண்ணை 30 இரண்டுகளின் பெருக்கத்தால் பெருக்கினால் 19 இலக்கச் செவ்விய எண் கிடைக்கும். அப்புறம், 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட்டில், அதாவது 32 பூஜ்ஜியம்-ஒன்று இடங்களில், எண்ணும் பழைய கணினிகள் இந்த எண்ணுக்கு மேல் எண்ண முடியாது. 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியில் அந்த எல்லை வரும். மாற்றும் வேலை நடக்கிறது. அதை விளக்க இப்போது நேரமில்லை. வணக்கம்.