ஸ்டேஷனுக்குள் ஒரு சமூகப் பணியாளர்

நேயர்களுக்கு வணக்கம். போலீஸ்காரருக்கு எதற்குச் சமூகப்பணி, அவர் திருடனைப் பிடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் ஒருநாள் மகளிர் காவல் நிலையத்தில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிற கணவன், பென்ஷனைப் பிடுங்கிக்கொண்டு விரட்டிவிட்ட மகன், வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளை என்று வந்துகொண்டே இருக்கும். தமிழ்நாட்டில் இந்த நிலையங்கள் 1992-லேயே வந்துவிட்டன, நல்ல விஷயம்தான். ஆனால் கவுன்சலிங் என்ற பெயரில் அங்கே பல நேரம் நடப்பது என்ன? "பிள்ளைங்க முகத்தைப் பார்த்து அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி, எழுதி வாங்கி அனுப்புவது.

மும்பையில் 1984-ல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் காவல்துறையோடு சேர்ந்து பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. படித்துப் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் காவல்துறை வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்வார்கள். வந்தவளுக்கு என்ன வேண்டும் என்பதில்தான் சமூகப்பணி ஆரம்பிக்கிறது. சிலருக்கு வழக்கு வேண்டும், சிலருக்கோ மாமியார் வீட்டு பீரோவில் மாட்டிக்கொண்ட நகையும் சர்டிபிகேட்டும் கைக்கு வந்தால் போதும், அதை வாங்கித் தர போலீசின் அதிகாரமும் வேண்டும், அவள் பேசி முடிக்கிறவரை குறுக்கிடாமல் கேட்கிற ஓர் ஆளும் வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டமே இதைச் சொல்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புச் சிறார் காவல் பிரிவு இருக்க வேண்டும், அதில் இரண்டு சமூகப் பணியாளர்கள், ஒருவர் கட்டாயம் பெண். பிடிபட்ட பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, அவனிடம் பேசுகிற அதிகாரி காக்கியில் இருக்கக் கூடாது. மிகக் கொடிய குற்றமாகவோ பெரியவர்களோடு கூட்டாகச் செய்ததாகவோ இல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆர். கூடக் கிடையாது, பொது நாட்குறிப்பில் எழுதிவிட்டு, சமூகப் பின்னணி அறிக்கை என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். ஏன் பள்ளிக்கூடம் நின்றாய், வீட்டில் அடிப்பார்களா, உன்னை யாராவது பயன்படுத்திக்கொண்டார்களா என்றெல்லாம் விசாரிக்கச் சொல்கிற படிவம் அது. அருமையான படிவம்! ஆனால் நான் பார்த்த பலவற்றில் காரணம் என்ற இடத்தில் "கெட்ட சகவாசம்" என்று ரெண்டே வார்த்தைதான். ரைட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, பந்தோபஸ்துக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் கிடைத்த பத்து நிமிடத்தில் அவரால் அவ்வளவுதான் முடியும்.

சரி, பொதுமக்களையே உள்ளே விட்டால் ஆகாதா? அதையும் பார்த்தோம். 1993-ல் ராமநாதபுரத்தில், போலீசுக்கு உதவப் பொதுமக்களைச் சேர்க்கிற ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் என்ற அமைப்பு நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கியது, 2020-ல் போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளம் சம்பவத்தில் அந்த அமைப்பினர் மீதும் புகார் எழ, அரசே அதற்குத் தடை போட்டது. என்னைக் கேட்டால், இன்ஸ்பெக்டர் சொன்னதைச் செய்கிற கூடுதல் ஆட்களால் ஸ்டேஷன் மாறாது. "சார், இது தப்பு" என்று அவரிடமே சொல்ல முடிகிற ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளமும் மேலதிகாரியும் வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் மாவட்டத்தில் அந்த இரண்டு சமூகப் பணியாளர்கள் யார், நியமித்தார்களா இல்லையா என்று எஸ்.பி. அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான்.