சீஸ் இரை: நாற்றம் அல்ல, இளக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

பாலாடைக்கட்டியை, அதாவது சீஸை, இரையாகக் கோத்து ஆற்றில் தூண்டில் போடுவது பற்றி இன்று பேசுகிறேன். இது நேற்று வந்த பழக்கம் அல்ல. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே இதற்கான பக்குவத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். காரமான சீஸை உரலில் இட்டு, வெண்ணெயும் குங்குமப்பூவும் சேர்த்து, எலுமிச்சை நிறம் வரும்வரை இடிக்க வேண்டுமாம். குளிர்காலத்துக்கென்று சீஸோடு, பைன் மரத்திலிருந்து கிடைக்கும் டர்பன்டைன் கலந்தவர்களும் உண்டு. டர்பன்டைனை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆற்றில் அதற்கு வேலையே இல்லை. ஆனால் குளிருக்கு ஏற்பக் கலவையையே மாற்றினார்களே, அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருக்கிறது. இன்று சீஸ் இரை என்றதும் எது அதிகமாக நாறும் என்று தேடுகிறார்கள். தண்ணீருக்குள் போன பிறகு அது என்ன ஆகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

முதலில், இதற்கு வருகிற மீன்கள். ஐரோப்பிய ஆறுகளில் சப், பார்பெல் என்ற இரண்டும் சீஸுக்குப் பேர்போனவை. இரண்டும் கெண்டை இனத்துக்கு உறவுக்கார மீன்கள். வட அமெரிக்காவில் சானல் கெளுத்தி. சப்புக்கு வாய் அகலம். தாடையில் பல் கிடையாது. பல்லெல்லாம் தொண்டைக்குள் இருக்கிறது. தூண்டில் முள்ளைக் கழற்றுகிறேன் என்று விரலை உள்ளே விட்டுவிடாதீர்கள். நத்தை ஓட்டையே நொறுக்கும் பற்கள் அவை. பார்பெல்லுக்கும் கெளுத்திக்கும் வாயோரத்தில் மீசை உண்டு. அந்த மீசையில் சுவை மொட்டுகள் நிறைந்திருக்கின்றன. கெளுத்திக்கோ உடல் முழுவதும் உண்டு. உடலின் எந்தப் பக்கத்தில் உரசினாலும் அதற்கு ருசி தெரிந்துவிடும்.

சீஸில் இவற்றை இழுப்பது எது? நம் மூக்குக்கு எட்டுவது காற்றில் பறந்து வருகிற பொருள்கள். மீனுக்கு எட்டுவது தண்ணீரில் கரைந்து வருபவை. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. மீன்களின் மோப்பத்தையும் சுவையையும் வலுவாகத் தூண்டுகிற பொருள்களில் அமினோ அமிலங்கள் முக்கியமானவை. சீஸ் முதிரும்போது அதிலுள்ள கேசின் என்ற புரதத்தை நொதிகள் சிறிது சிறிதாக வெட்டுகின்றன. அமினோ அமிலங்கள் விடுபடுகின்றன. அதனால்தான் பிஞ்சுச் சீஸைவிட மாதக் கணக்கில் முதிர்ந்த செட்டர் என்ற கெட்டிச் சீஸ் நன்றாக வேலை செய்கிறது. நீல நரம்போடிய சீஸ் வகைகளில் பெனிசிலியம் பூஞ்சணம் புரதத்தையும் கொழுப்பையும் இன்னும் வேகமாக உடைக்கிறது. ஆக, முதிர்ச்சி வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. நாற்றம் அந்த முதிர்ச்சியோடு ஒட்டி வருவது. நாற்றத்தை மட்டும் தனியாகத் துரத்தினால் பயன் இல்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். செட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. ஆற்று நீர் 5, 6 டிகிரி செல்சியசுக்கு இறங்கும்போது அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி இறுகிவிடும். கரையில் கைச்சூட்டில் குழைந்து கிடந்த உருண்டை, ஆற்றின் அடியில் சிறிது நேரம் கிடந்தால் கல்லாகிவிடும். இதனால் இரண்டு கேடுகள். இறுகிய உருண்டையிலிருந்து எதுவும் எளிதில் கரைந்து வெளியே வராது. மீனுக்குச் சேதி போகாது. அதையும் மீறி மீன் வந்து கவ்வினால், முள்ளின் நுனி கட்டிக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும். சுண்டி இழுத்தாலும் தைக்காது. மீன் கடித்தது, ஆனால் மாட்டவில்லை என்று குளிர்காலத்தில் புலம்புகிறவர்கள் பலரின் சிக்கல் இதுதான். முள்ளின் கூர்மையைக் குறை சொல்வார்கள், தூண்டில் நரம்பைக் குறை சொல்வார்கள். இரையைத் திரும்ப எடுத்து அமுக்கிப் பார்க்க மாட்டார்கள்.

அமுக்கிப் பார்ப்பது மிக எளிது. ஒரு குவளையில் ஆற்று நீரை மொண்டு, பிசைந்த உருண்டை ஒன்றை அதில் போட்டு ஓரமாக வையுங்கள். பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் அழுத்துங்கள். காதுமடலைப் போல அமுங்க வேண்டும். விரலை எதிர்த்தால் கலவை அன்றைய குளிருக்கு ஆகாது. மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே குழைவாக இருந்தாலும் பாதித் தோல்விதான். உருண்டையைச் சுற்றித் தண்ணீர் லேசாக வெண்மை கலங்கியிருந்தால் நல்ல அறிகுறி. ஏதோ கரைந்து வெளியே வருகிறது.

அப்படி அமுங்குவதற்குச் சீஸை மட்டும் பிசைந்தால் போதாது. முதிர்ந்த செட்டரை மெல்லிய துருவலில் துருவிக்கொள்ளுங்கள். கூடவே நீலச் சீஸ் கொஞ்சம். நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இவற்றின் எடைக்குச் சமமாக, கொழுப்பு சேர்த்துப் பிசைந்த கோதுமை மாவோ ரொட்டியின் உள்பகுதியோ சேர்த்து, கட்டி தட்டாமல் நன்றாக அடித்துப் பிசைய வேண்டும். குளிர் கூடக் கூட மாவுப் பங்கைக் கூட்டி, ஒரு கரண்டி தாவர எண்ணெயும் விடலாம். பெரும்பாலான தாவர எண்ணெய்கள் அந்தக் குளிரிலும் திரவமாகவே இருக்கும். வெயில் காலத்தில் இதற்கு நேர் எதிர்: மாவைக் குறைத்துச் சீஸைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் தூண்டிலை வீசும்போதே இரை கழன்று பறந்துவிடும். ஒரே கலவையை ஆண்டு முழுவதும் வைத்துக்கொண்டு ஆற்றைக் குறை சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

தாளில் சுற்றி வரும் பதப்படுத்திய சீஸைப் பற்றியும் கேட்பார்கள். அதில் சேர்க்கிற உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் கட்டி வைக்கின்றன. அதனால் உருட்ட வசதி, முள்ளிலும் நிற்கும். ஆனால் கரைந்து வருவது குறைவு. கோடையில் அவசரத்துக்கு அது போதும்.

முள்ளில் ஏற்றுவதில் ஒரு சிறு நுணுக்கம் இருக்கிறது. சப்புக்கு 6ஆம் எண் முள் எடுத்துக்கொள்ளுங்கள். எண் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும். பிசைந்த சீஸ் பசையை முள்தண்டைச் சுற்றி வைத்துப் பேரிக்காய் வடிவில் நீவுங்கள். தடித்த பகுதி முள்ளின் வளைவில் இருக்கட்டும். பிறகு நுனி மட்டும் மிக மெல்லிய பூச்சுக்குள் இருக்கும்படி விரலால் வழித்துவிடுங்கள். கெட்டிச் சீஸையே துண்டாகப் போட வேண்டும் என்றால், ஒரு செண்டிமீட்டர் துண்டை முள்ளில் குத்தாமல், முள்ளிலிருந்து தொங்கும் குட்டி நூலில் கோத்துவிடுங்கள். முள் வெறுமையாக இருக்கும். துண்டு எவ்வளவு இறுகினாலும் தைப்பதற்குத் தடை இல்லை. பார்பெல் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

போடும் இடம். சப் வேகமான நீரில் நின்று சக்தியை வீணாக்காது. தாழ்ந்த கிளைகளில் சருகு தேங்கிய இடத்தின் அடியில், நீர் அரித்த கரையின் குடைவில், வேக நீரும் மந்த நீரும் உரசுகிற கோட்டில் காத்திருக்கும். ஓட்டம் உணவைக் கொண்டுவந்து வாயருகே விடும். சீஸ் தண்ணீரைவிடச் சற்றே அடர்த்தி கூடியது. மெதுவாகத்தான் இறங்கும், இறங்குவதற்குள் ஓட்டம் இழுத்துப் போய்விடும். ஆகவே பழக்குவதற்காக எறியும் சிறு துணுக்குகளை, மீன் இருக்கும் இடத்துக்கு நன்றாக மேலே, ஓட்டத்தின் எதிர்ப்புறமாக எறிய வேண்டும். மீனின் தலைக்கு நேராக எறிந்தால் உங்கள் மீனைக் கீழே அழைத்துப் போய் வேறிடத்தில் விடுகிறீர்கள். துணுக்குகளும் கைப்பிடிக்குள் அடங்கட்டும். கெண்டை வகை மீன்களுக்கு இரைப்பையே கிடையாது. குளிர் நீரில் செரிமானமும் மந்தம். ஒரு சப் சில துணுக்குகளிலேயே பசி அடங்கி ஒதுங்கிவிடும்.

இரையை அடியில் நிறுத்தக் கட்டும் எடைக்குண்டு, அதாவது ஈயம், எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இரை அடியில் நிற்கவும், நரம்பைச் சற்றுத் தளர்த்தினால் நகரவும் வேண்டும். அந்த அளவு எடை போதும். ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி வீசியிருந்தால், கடி என்பது இழுப்பாக வராது. விறைத்து நிற்கும் நரம்பு திடீரென்று தொய்ந்துவிடும். இரையைக் கவ்விய மீன் ஈயத்தை அசைத்துவிட்டது என்று பொருள். அந்தக் கணத்தில் கோலை உயர்த்த வேண்டும். நரம்பை விரலிடையே பிடித்திருந்தால், தொய்வதற்கு முன்னால் மெல்லிய உரசல் ஒன்றும் தெரியும். இளகிய இரையைச் சின்ன மீன்களும் கொத்தும். அது விடாத துடிப்பாக வரும். அதற்குக் கோலை உயர்த்தாதீர்கள்.

சானல் கெளுத்திக்குப் போடும் சீஸ் தனி ரகம். வெதுவெதுப்பான நீரில் கூழாகவே பயன்படுத்துவார்கள். கூழ் முள்ளில் நிற்காது என்பதால் கடற்பஞ்சுத் துண்டிலோ வரிகள் வெட்டிய ரப்பர்ப் புழுவிலோ தோய்த்து இறக்குவார்கள். சிலர் கூழிலேயே சம்பங்கோரைப் பஞ்சைக் கலந்து நார் பிடிப்பு உண்டாக்குவார்கள். இங்கே இறுகுவது பிரச்சினை இல்லை. சீக்கிரம் கரைந்து தீர்ந்துபோவதுதான் பிரச்சினை. அடிக்கடி எடுத்துப் புதிதாகத் தோய்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

போவதற்கு முன் அந்த ஆற்றின் விதியைப் பாருங்கள். டிரவுட் மீன் பிடிக்கும் சில நீர்களில், பூச்சி போலக் கட்டிய செயற்கை ஈ தவிர எந்த இரைக்கும் அனுமதி இல்லை. இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை சப், பார்பெல் போன்ற மீன்களுக்குத் தூண்டில் போடவே கூடாது.

மிஞ்சிய பசையைக் கரையில் கொட்ட வேண்டாம். ஒருநாள் தேவைக்கான அளவாகப் பிரித்து உறைய வைத்துவிடுங்கள். மறுபடி எடுக்கும்போது முழுவதும் இளகிய பின் இன்னொரு முறை நன்றாகப் பிசையுங்கள். உறைந்து இளகியதில் கொழுப்பு கொஞ்சம் பிரிந்து நிற்கும். பிறகு குவளை நீரில் மறுபடி சோதித்துவிட்டுத்தான் முள்ளில் ஏற்ற வேண்டும்.

வணக்கம்.