புதுக் கெமரா, முதல் பிலிம் ரோல், எல்லாப் படத்திலும் ஒரே கோடு! கீறியது யார்?

(திரையில்: வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்த மூன்று நெகட்டிவ் துண்டுகள்)

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம். வானத்தில் ஒரு கோடு. ஹட்டனில் தேர்த் திருவிழா. அதே உயரத்தில் ஒரு கோடு. அக்கா மகளின் முதல் பிறந்தநாள், கேக் வெட்டுகிற நேரம். பிள்ளையின் நெற்றிக்குக் குறுக்கே அதே கோடு.

கெமரா புத்தம் புதியது, பெட்டி பிரித்துப் போட்ட முதல் ரோல். அனுப்பியவர் பண்டாரவளைப் பக்கத்துத் தம்பி ஒருவர். "அண்ணா, கொழும்பு லேப்காரன் என் பிலிமைக் கீறிட்டான், அவனை என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, பிலிமைக் கழுவிக் கொடுத்த லேப்காரரைக் கொஞ்சம் விட்டு வையுங்கள். அவர் கீறியிருக்கவும் கூடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கோட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் கெமரா மேல்தான். கீறியது யார், எந்த இடத்தில் வைத்துக் கீறியது என்பதை அந்தக் கோட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பத்து ரூபா செலவில்லை.

வணக்கம் மக்களே. போரடிக்கிற பகுதியை முதலில் முடித்துவிடுகிறேன். 35 மில்லிமீற்றர் பிலிம் ஒரு சின்ன டப்பாவுக்குள் சுருண்டிருக்கும். கொடக் கம்பனி 1934-ல் கொண்டு வந்த அதே டப்பாதான் இன்றைக்கும். அதன் வாயில் வெளிச்சம் புகாமல் வெல்வெட் போன்ற துணி. அதிலிருந்து வெளியே வருகிற பிலிம், படம் விழுகிற சட்டத்தைத் தாண்டி, பற்சக்கரத்தில் ஏறி, எதிர்ப்பக்கத்து உருளையில் சுற்றிக்கொள்ளும். பிலிம் வளையாமல் இருக்க, பின்கதவில் ஒரு அழுத்துத் தகடு. ஒரு படத்துக்கு 38 மில்லிமீற்றர் நகரும். ரோல் முடிந்ததும் அவ்வளவையும் திரும்பச் சுற்றுவோம். அதாவது பெரும்பாலான கெமராக்களில் ஒவ்வொரு படமும் அந்த வழியாக இரண்டு தடவை போகிறது. அவ்வளவுதான், பாடம் முடிந்தது.

இப்போது ஆலையில் என்ன தவறு நடக்கும்? உலோகத்தை வெட்டினாலோ, பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்தாலோ ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு கெமராவில் அதை விட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தட்டுப்படாது. ஆனால் பிலிமுக்குத் தெரியும்.

வீட்டில் முறுக்கு பிழிந்திருக்கிறீர்களா? உரலின் அச்சில் ஒரு ஓட்டையின் ஓரம் பிய்ந்திருந்தால் என்ன நடக்கும்? அந்த ஓட்டையில் வருகிற முறுக்கு முழுவதும், தொடக்கத்திலிருந்து கடைசிவரை, ஒரே பக்கத்தில் ஒரு வரி விழும். மாவில் குறையில்லை, பிழிந்த அம்மாவிலும் குறையில்லை. பிசிறு அசையாமல் நிற்கிறது, மாவு நகர்கிறது, அதனால் அது நேர்கோடு. கெமராவிலும் இதே கணக்குத்தான். ஒரே உயரத்தில், பிலிமின் நீளப்பக்கமாக, எல்லாப் படத்திலும் கோடு ஓடினால், அசையாத ஏதோ ஒன்று நகர்ந்துகொண்டிருந்த பிலிமைத் தொட்டிருக்கிறது. அங்கும் இங்குமாக வளைந்த சின்னச் சின்னக் கீறல் என்றால் அது கை பட்டது, மேசையில் உரசியது, கவரில் தேய்ந்தது. அதற்கு இந்த வீடியோ உதவாது.

(திரையில்: நெகட்டிவைச் சாய்த்துப் பிடிக்கும் கை)

சரி, விசாரணை. நெகட்டிவை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது. விலங்குகளின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுத்த ஜெலட்டின் பூச்சு அது. ஈரம் குடித்தால் ஊறி மெதுமெதுப்பாகிவிடும். நுவரெலியா மூட்டத்துக்குள் படம் எடுக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கெமராவுக்குள் மங்கல் பக்கம் லென்ஸைப் பார்த்திருக்கும், பளபளப்பான பக்கம் பின்கதவைப் பார்த்திருக்கும். ஆகவே கீறல் பளபளப்பில் என்றால் முதலில் அழுத்துத் தகட்டைப் பாருங்கள். மங்கலில் என்றால் சட்டத்தின் ஓரம், வழித்தண்டவாளம், சுழலாமல் இறுகிப்போன உருளை, இவற்றில் ஏதோ ஒன்று.

பிரிண்டிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். மங்கல் பக்கம் ஆழமாகக் கீறினால் படமே சுரண்டிப் போகிறது, அந்த இடத்தில் வெளிச்சம் அதிகமாகப் பாய்கிறது, பிரிண்டுத் தாளில் வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும், அதனால் பிரிண்டில் கறுப்புக் கோடு. பளபளப்புப் பக்கம் கீறினால் வெளிச்சம் அந்தப் பள்ளத்தில் சிதறிவிடுகிறது, பிரிண்டில் வெள்ளைக் கோடு. தம்பியின் கோடு கறுப்பு.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். கோடு வானத்தில் இருக்கிறது என்று கெமராவின் மேல்பக்கத்தில் பிசிறைத் தேடாதீர்கள்! லென்ஸ் படத்தைத் தலைகீழாகத்தான் விழ வைக்கிறது. பாலத்துக்கு மேலே இருக்கிற வானம் கெமராவுக்குள் கீழே இருக்கிறது, கீழே இருக்கிற தேயிலைச் செடி மேலே இருக்கிறது. வானத்தில் கோடு என்றால் சட்டத்தின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். கெமராவைக் கழற்றித் துடைத்து மூடி, "ஒன்றும் இல்லையே" என்று சொன்னவர்களில் பாதிப் பேர் தப்பான பக்கத்தைப் பார்த்தவர்கள் என்றே நினைக்கிறேன். பிலிமின் ஓரத்துத் துளைகளிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் தூரத்தில் கோடு ஓடுகிறது என்று நெகட்டிவில் அளந்துகொண்டு, ஒரு பூதக்கண்ணாடியும் டோர்ச்சுமாக அதே தூரத்தில் பாருங்கள். காது குடைகிற பஞ்சுக் குச்சியை அந்த ஓரத்தில் மெதுவாக ஓட்டுங்கள். பிசிறு இருந்தால் பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். படம் எடுக்கும்போது திறந்து மூடுகிற ஷட்டர் திரையில் மட்டும் குச்சி படக்கூடாது.

இன்னும் உறுதி வேண்டுமா? காலாவதியான ரோல் ஒன்றைப் பலி கொடுங்கள். பாதி வரைக்கும் ஓட்டிவிட்டு, திரும்பச் சுற்றாமல் பின்கதவைத் திறந்துவிடுங்கள். ஆமாம், வெளிச்சத்திலேயேதான். சீடியில் எழுதுகிற மார்க்கரால் பிலிமின் முதுகில் மூன்று அடையாளம் போடுங்கள்: டப்பாவின் வாய்க்கு நேராக ஒன்று, சட்டத்துக்கு நேராக ஒன்று, பற்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒன்று. அப்புறம் டப்பா வாய்க்கு அருகே கத்தரித்து, எங்கேயும் உரசாமல் பிலிமைத் தூக்கி எடுங்கள். பிசிறைத் தாண்டி வந்த பகுதியில் கோடு இருக்கும், இன்னும் தாண்டாத பகுதியில் இருக்காது. கோடு எந்த அடையாளத்தில் தொடங்குகிறதோ அங்கேதான் ஆள் ஒளிந்திருக்கிறார். டப்பா வாயிலேயே தொடங்கினால் கெமரா நிரபராதி. துணியில் மண் மாட்டியிருக்கும், வேறு ரோல் போட்டுப் பாருங்கள்.

லேப்காரருக்கும் ஒரு சோதனை உண்டு. கழுவிய பிலிமில் தண்ணீரை வழித்துவிடுகிற ரப்பரில் தூசி இருந்தால் அதுவும் நீளமாக நேர்கோடு போடும். ஆனால் ரோலின் கடைசித் துண்டு, டப்பாவின் தண்டில் ஒட்டியிருப்பது, சட்டத்தைத் தாண்டியதே கிடையாது. அந்தத் துண்டிலும் கோடு ஓடினால் லேப்காரரோடு தாராளமாகச் சண்டை பிடியுங்கள். அது சுத்தமாக இருந்தால் மன்னிப்புக் கேளுங்கள். லேப்பில் கொடுக்கும்போதே "கடைசித் துண்டை வெட்டி எறியாதீங்க" என்று சொல்லி வைத்தால் நல்லது.

பெரிய கம்பனிகளே பிலிமைத் தட்டையாகப் பிடிக்க என்னென்னமோ செய்து பார்த்தன. 1954-ல் வந்த லைக்கா எம்3-இன் ஆரம்பக் கெமராக்களில் அழுத்துத் தகடு கண்ணாடி! பிறகு உலோகத்துக்கு மாறினார்கள். கொன்டாக்ஸ் ஆர்டிஎஸ் 3-இல் பீங்கான் தகடு, அதோடு பிலிமைக் காற்றால் உறிஞ்சிப் பிடிக்கிற ஏற்பாடு. இவ்வளவு யோசிக்கிற தொழிலில், ஒரு ஓரத்தைத் தேய்க்காமல் பெட்டியில் போட்டு விற்பது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

இந்த இடத்தில் ஒரு கூட்டம் வரும். "கீறல் இருந்தால்தான் அழகு அண்ணா, அதுதான் பிலிமின் உயிர்." இவர்களுக்காக பொகவந்தலாவைக்குப் போவோம்.

(திரையில்: பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயம், கல்லறைத் தோட்டம்)

இங்கே புதைக்கப்பட்டிருக்கிறவர் ஜூலியா மார்கரெட் கமரன். 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் ஒரு கெமரா வாங்கிக் கொடுக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய புகைப்படக்காரர்களில் ஒருவரானார். கணவர் யார் தெரியுமா? வரலாற்றுப் பாடத்தில் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம், 1833, என்று மனப்பாடம் செய்தோமே, அந்தக் கமரன். அவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875-ல் இருவரும் இங்கிலாந்தை விட்டு இங்கே வந்தார்கள். 1879-ல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கெயர்ன் தோட்டத்தில் அந்த அம்மா இறந்துபோனார். உலக அருங்காட்சியகங்களில் தொங்குகிற படங்களை எடுத்தவர் நம்முடைய பஸ் போகிற பாதைக்குப் பக்கத்தில் கிடக்கிறார். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் காலத்தில் பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் பிசுபிசுப்பான மருந்தை ஊற்றி, காய்வதற்குள் படமும் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். தூசி ஒட்டும், விரல் படும், கீறும். அவருடைய படங்களில் இது எல்லாமே இருக்கிறது. அன்றைய புகைப்படச் சங்கத்து ஆட்கள் "தொழில் தெரியாதவர்" என்கிற மாதிரித் திட்டினார்கள். அவர் கவலைப்படவில்லை. திருத்தம் செய்வதற்காகத் தானே நெகட்டிவைச் சுரண்டியும் இருக்கிறார்.

"பார்த்தீர்களா, கீறல் அழகுதான்!" என்று அவசரப்படாதீர்கள். 1869-ல் அவருடைய அருமையான நெகட்டிவ்கள் பலவற்றின் மேற்பரப்பில், அவர் கை படாமலே, வெடிப்பு விழத் தொடங்கியது. அப்போது அதே அம்மா என்ன செய்தார்? அழகு என்று விட்டாரா? பதறிப்போய்ப் புகைப்படச் சங்கத்துக்கே நெகட்டிவோடு போய், இதற்குக் காரணம் என்ன என்று கேட்டார். தான் போட்ட கீறல் வேறு, தன்னைக் கேட்காமல் வந்த வெடிப்பு வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆலை போட்ட கோட்டைக் கலை என்று சொல்கிறவர்கள் அவரிடமிருந்து கற்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இங்கே இருந்தபோது அவர் உழைக்கிற சனங்களையும் படம் எடுத்தார். களுத்துறையில் எடுத்த ஒரு குழுப்படத்தின் தலைப்பில் ஊர்ப் பெயர் இருக்கிறது, ஆட்களின் பெயர் இல்லை. இங்கிலாந்தில் எடுத்த கவிஞருக்கும் விஞ்ஞானிக்கும் பெயர் உண்டு. எனக்கு அந்தக் கீறல்தான் பெரிதாகத் தெரிகிறது.

சரி தம்பி, கெமராவுக்கு வருவோம். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் நீங்களே தேய்க்க வேண்டாம். தேய்த்த தூள் ஷட்டருக்குள் போகும். தண்டவாளத்தின் உயரம் குறைந்தால் படம் மங்கும். அடையாளம் போட்ட அந்தப் பலி ரோலையும் பஞ்சு மாட்டிய இடத்தின் படத்தையும் அனுப்பி, வேறு கெமரா கேளுங்கள். பழைய கெமரா என்றால் திருத்துகிறவரிடம் கொடுங்கள், நிமிட வேலை.

கீறிய நெகட்டிவை எறியாதீர்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன சொந்தங்களின் படம் பெட்டியடியில் கிடக்கிற வீடுகள் இங்கே ஏராளம். பளபளப்புப் பக்கத்துக் கீறலுக்குப் பழைய ஸ்டுடியோக்காரர்களின் மருந்து ஒன்று உண்டு: மூக்கின் பக்கவாட்டில் விரலைத் தேய்த்து, அந்த எண்ணெயைக் கீறலில் தடவுவது! சிரிக்காதீர்கள், பள்ளம் நிரம்பினால் வெளிச்சம் சிதறாது, பிரிண்டில் கோடு மறைகிறது. சினிமா ஆவணக்காப்பகங்களில் இதையே திரவத்தில் நனைத்துச் செய்கிறார்கள். ஸ்கேனரில் அகச்சிவப்பு ஒளியால் கீறலைக் கண்டுபிடித்து அழிக்கிற வசதியும் இருக்கிறது, ஆனால் அது கலர் நெகட்டிவுக்கு. கறுப்பு வெள்ளையில் இருக்கிற வெள்ளி அகச்சிவப்பையே மறைத்துவிடுவதால், முழுப் படத்தையும் கீறல் என்று நினைத்துக்கொள்ளும். தம்பியுடையது மங்கல் பக்கக் கீறல், அதற்கு மூக்கும் உதவாது. ஸ்கேன் செய்து கணினியில் கையால் திருத்த வேண்டியதுதான். பிள்ளையின் நெற்றியை நான் திருத்தித் தருகிறேன், வானத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இப்படி ஒரு கோடு இருந்தால் படத்தைக் கீழே போடுங்கள். மங்கல் பக்கமா பளபளப்பா, மேலே ஓடுகிறதா கீழேயா என்பதையும் எழுதுங்கள். "லேப்காரன் கீறிட்டான்" என்று மட்டும் எழுதினால் பதில் போட மாட்டேன்.