பம்பைக் கழற்றுவதற்கு முன்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

லாரி மேட்டில் இழுக்கவில்லை, கரும்புகை கக்குகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது என்று எந்தக் குறை தோன்றினாலும் நம் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் முதலில் கிடைக்கும் தீர்ப்பு "பம்பு போச்சு" என்பதுதான். டீசல் பம்பைப் பிரித்துச் சேர்த்து, அது விடும் டீசலுக்கு அளவு வைப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். பம்பு வந்தால்தான் எனக்கு வருமானம் என்றாலும், கழற்றிக் கொண்டுவரப்படும் பம்புகளில் பலவற்றைக் கழற்றியே இருக்க வேண்டியதில்லை என்பதைச் சொல்வதற்காகவே இந்த அழைப்பை ஏற்று வந்திருக்கிறேன்.

முதலில், பம்பு செய்யும் வேலையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பெட்ரோல் என்ஜினில் இருப்பதுபோல் டீசல் என்ஜினில் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் அமுக்கப்பட்டுச் சூடேறிய காற்றில் டீசல் பூந்தூறலாகத் தெளிக்கப்பட்டுத் தானே பற்றிக்கொள்கிறது. அப்படித் தெளிக்க வேண்டுமானால், லாரி டயரில் நாம் அடிக்கும் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 25 மடங்கு, அதாவது 200 பார் அழுத்தத்தில், டீசலைத் தெளிக்கும் நாசில் திறந்துகொள்ள வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும்போது பம்பு அதில் பாதி, 1,200 சுற்று ஓடுகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் நொடிக்கு 20 முறை, சரியான கணத்தில், சரியான அளவில் டீசல் போய்ச் சேர வேண்டும்.

1897-இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய என்ஜினில் இந்தப் பம்பு இல்லை. அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டுதான் எண்ணெயை உள்ளே ஊதினார்கள். அதற்குத் தனியே ஒரு கம்பிரசர் வேண்டியிருந்ததால் அத்தனை கனத்தையும் வண்டியில் தூக்கிவைக்க வழியில்லாமல் போயிற்று. ஜெர்மனியில் ராபர்ட் போஷ் நிறுவனம் 1922-இல் தொடங்கிய முயற்சி 1927-இல் வரிசைப் பம்பாக விற்பனைக்கு வந்த பிறகே டீசல் லாரி பெருகியது. நம் நாட்டில் அதே நிறுவனத்தின் கிளையாக 1951-இல் பெங்களூரில் மைக்கோ தொடங்கப்பட்டது. 2008-இல் பெயர் மாறிவிட்டபோதும் பழைய மெக்கானிக்குகள் இன்றும் மைக்கோ பம்பு என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

பம்புக்குள் சிலிண்டருக்கு ஒன்றாக எலிமென்ட் இருக்கும். எலிமென்ட் என்பது பிளஞ்சர் என்ற தண்டும் அது ஏறி இறங்கும் பேரல் என்ற உறையும் சேர்ந்த ஜோடி. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு, மூன்று பங்குதான். அதனால் ஒரு பேரலின் பிளஞ்சரை இன்னொரு பேரலில் போடவே கூடாது. நல்ல எலிமென்ட்டை அறிய ஒரு எளிய சோதனை உண்டு: சுத்தமான டீசலில் கழுவிய ஜோடியைச் சாய்த்துப் பிடித்து, பிளஞ்சரை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்துவிட்டால், அது தன் எடையிலேயே, நிற்காமல், அவசரமும் இல்லாமல் உள்ளே வழுக்கிச் செல்ல வேண்டும். எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அப்படியே செல்ல வேண்டும். நடுவில் நின்றால் மறுபடியும் கழுவ வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது, ஒரு நூலிழை போதும் அதை நிறுத்த. வேர்வைக் கையால் மெருகிட்ட பக்கத்தைத் தொடவும் கூடாது, துருப்பிடித்துவிடும்.

இனி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பெங்களூர்ப் பக்கம் லோடு அடிக்கும் ஒரு லாரியின் உரிமையாளர், வயதில் மூத்தவர், பம்பைத் தனியாகக் கழற்றிச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். தொப்பூர்க் கணவாய் ஏறும்போது வண்டி இழுவை இழந்து நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது என்றார். அதற்கு முன்பே வேறு இடங்களில் இரண்டு முறை அளவு வைத்திருந்தார்கள், எலிமென்ட்டும் மாற்றியிருந்தார்கள். பம்பைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்த்தேன். அட்டவணையில் இருக்கும் அளவுக்கு அப்படியே நின்றது. "பம்பில் குறை இல்லைங்கய்யா" என்றதற்கு, "அப்ப இன்னொரு தரம் பாரு தம்பி" என்றார். நான் பம்பைப் பூட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்த லோடுக்கு ஓட்டுநரோடு ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

சேலம் தாண்டும் வரை வண்டி நன்றாகவே ஓடியது. மேடு தொடங்கியதும் மெல்ல மெல்லத் தளர்ந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் பதில் சொல்லாமல் நின்றது. என்ஜின் பக்கம் போகாமல் நேராக டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னேன். மூடி தளர்ந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. பழைய மூடி தொலைந்துபோனதால் கடையில் கிடைத்த ஏதோ ஒரு மூடியைப் போட்டிருக்கிறார்கள்; அதில் காற்றுத் துளை இல்லை. டீசல் தளும்பி வெளியே வராமல் இருக்கட்டும் என்று சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, பேக்கிங்காக வேறு வைத்திருந்தார்கள். டீசல் குறையக் குறைய டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீடு பம்பு உறிஞ்சினாலும் டீசல் மேலே வருவதில்லை. வண்டி நின்றிருக்கும்போது எங்கோ ஓர் இடுக்கில் காற்றுக் கசிந்து நுழைந்து, பிறகு ஓடத் தொடங்குகிறது. அந்த ரப்பர் வட்டத்தை எடுத்துவிட்டு, மூடியில் சிறு துளை போட்டதும் வண்டி கணவாயை ஏறி முடித்தது. திரும்பி வந்ததும் உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அந்த ரெண்டு பில்லு?" என்பதுதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே மீண்டும் சொல்கிறேன்: பம்பைக் கழற்றுவதற்கு முன் டேங்க் மூடியில் தொடங்குங்கள். பிறகு ஃபீடு பம்புக்கு முன்னால் இருக்கும் சிறு வலை, ஃபில்டர், குழாய் இணைப்பில் காற்றுக் கசிவு, காற்று வடிகட்டி ஆகியவற்றைப் பாருங்கள். கரும்புகைக்குப் பம்பு அதிக டீசல் விடுவது ஒரு காரணம் என்றால், அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர் அதே அளவு பெரிய காரணம். பம்பில் இருந்து டீசல் டேங்குக்குத் திரும்பும் இடத்தில் ஸ்பிரிங் வைத்த ஓவர்ஃப்ளோ வால்வு ஒன்று இருக்கும். அது பழுதானால் அந்த இடத்தில் ஸ்பிரிங் இல்லாமல் வெறும் துளை மட்டும் உள்ள சாதாரண பேஞ்சோ போல்ட்டைப் போட்டு விடுகிறார்கள். பம்புக்குள் அழுத்தம் நிற்பதில்லை, இழுவை போகிறது, பழி பம்பின் மீது.

இத்தனையும் பார்த்த பிறகும் குறை தீராவிட்டால் அப்போது அளவு வைக்க வேண்டியதுதான். டெஸ்ட் பெஞ்ச் என்பது மோட்டாரால் பம்பைச் சுழற்றும் மேசை. ஆறு சிலிண்டர் பம்பு என்றால், அதில் இருந்து வரும் குழாய்கள் ஆறும் சோதனை நாசில்கள் வழியாக ஆறு கண்ணாடி அளவுக் குழாய்களில் எண்ணெயை விடுகின்றன. எண்ணெயின் சூடு 40 டிகிரியில் நிற்க வேண்டும். அதைக் கவனிக்காமல் காலையில் ஒரு பம்பும் மதியம் ஒரு பம்புமாக அளந்தால் இரண்டும் ஒன்றாக வராது. பிளஞ்சர் ஒரு முறை ஏறித் தள்ளுவது ஓர் அடி; ஆயிரம் அடி எண்ணி நிறுத்தியதும் ஆறு குழாய்களிலும் ஏறி நிற்கும் மட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆயிரம் அடிக்கு 60 சி.சி. என்று அட்டவணை சொன்னால், ஓர் அடிக்கு 0.06 சி.சி. என்று பொருள். ஆறும் அந்த அளவுக்கு ஒத்துப்போகும் வரை, ஒவ்வொரு எலிமென்ட்டிலும் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோல் ஸ்லீவையும் தளர்த்தி, மயிரிழை திருப்பி, இறுக்கி, மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். குழாயைக் கவிழ்த்துக் கொட்டியவுடன் அடுத்த அளவை எடுக்கக் கூடாது. கண்ணாடியில் ஒட்டிய எண்ணெய் வடியும் வரை பொறுக்க வேண்டும். இந்த அரை நிமிடப் பொறுமை இல்லாத இடத்தில் நீங்கள் எவ்வளவு பணம் கொடுத்தும் பயனில்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலிங் அளவிலும் இதையே செய்ய வேண்டும். அங்கு அளவே சிறியது என்பதால் சிறு வித்தியாசமும் வண்டியைக் குலுக்கும்.

அளவுக்கு முன்பே, ஆறு எலிமென்ட்டும் 60 டிகிரி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக டீசலைத் தள்ளத் தொடங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதில் அரை டிகிரிக்கு மேல் பிசகக் கூடாது. பம்பை என்ஜினில் பூட்டும்போதும் முதல் சிலிண்டருக்கு வளைந்த சிறு குழாய் வைத்து, ஒழுகும் டீசல் சொட்டாக மாறும் அந்த இடத்தில்தான் டைமிங், அதாவது டீசல் தள்ளத் தொடங்கும் கணம், வைக்கிறோம்.

அளவெல்லாம் வைத்து முடித்த பிறகு, அதிகபட்ச டீசலைத் தடுக்கும் ஸ்குரூவுக்குக் கம்பி போட்டு ஈய சீல் வைக்கிறோம். அந்த சீலை உடைத்துக் "கொஞ்சம் டீசலைக் கூட்டி விடுங்க" என்று கேட்பவர்கள் குறையவே இல்லை. கூட்டினால் மேட்டில் இழுக்கத்தான் செய்யும், நான் மறுக்கவில்லை. ஆனால் சிலிண்டருக்குள் வரும் காற்று அதேதான். எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறுகிறது, புகைபோக்கியின் சூடு ஏறி டர்போவும் பிஸ்டன் தலையும் வேகின்றன, சிலிண்டரின் உள்சுவரான லைனரில் இருக்கும் ஆயில் படலம் கழுவப்படுகிறது. இந்த வேலையை நான் செய்வதில்லை. செய்து தருபவர்கள் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பராமரிப்பு என்று சொன்னால் பெரும்பாலும் ஃபில்டர்தான். புதிய ஃபில்டரைப் போடும்போது சீக்கிரம் ஸ்டார்ட் ஆகட்டும் என்று கேனில் இருக்கும் டீசலை அதன் நடுத்துளையில் ஊற்றி நிரப்புகிறார்கள். நடுத்துளை என்பது வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. அதில் ஊற்றும் தூசி வடிகட்டப்படாமல் நேரே எலிமென்ட்டுக்குப் போகிறது. ஃபில்டரைக் காலியாகவே பூட்டி, கைப்பம்பை அடித்து நிரப்பி, உள்ளே சிக்கிய ஏரை எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். இரவில் டேங்க் காலியாக நின்றால் உள்ளே ஈரம் படியும், அதனால் மாலையிலேயே நிரப்பிவிடுவது நல்லது; காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் வாட்டர் செபரேட்டரைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். மண்ணெண்ணெய் கலந்த டீசலில் வழுவழுப்புக் குறைவு. பிளஞ்சருக்கு அந்த டீசலைத் தவிர வேறு ஆயில் கிடையாது.

நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தத்தோடு தேக்கிவைக்கும் புதிய காமன் ரெயில் வண்டிகளைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று எழுதிக்கொண்டு வந்தேன். அதில் மிகவும் அவசியமான ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய பம்பில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும்போதே நாசில் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது நம் பழக்கம். காமன் ரெயிலில் 1,600 பார், அதற்கு மேலும் அழுத்தம் இருக்கிறது. அங்கே நட்டைத் தளர்த்துவதும், கசிவைக் கையால் தடவிப் பார்ப்பதும் கூடவே கூடாது. டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். வெளியே ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. அப்படி நேர்ந்தால் கட்டுப் போட்டுவிட்டு வேலையைத் தொடராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஊசி குத்தியது என்று சொல்லாமல், அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.