ஓசூர் ஆலைகளில் கோடைப் பயிற்சி: பொறியியல் மாணவர்கள் எந்த வருடம் எதற்கு விண்ணப்பிக்க வேண்டும்?

(திரையில்: தருமபுரி, கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் ஊர்களைக் காட்டும் நெடுஞ்சாலை வரைபடம்)

வணக்கம். தருமபுரியில் பஸ் ஏறினால் ஓசூர் 100 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். அசோக் லேலண்ட் லாரி, டி.வி.எஸ். பைக், டைட்டன் வாட்ச், ஏத்தர் ஸ்கூட்டர் எல்லாம் அங்கே தயாராகின்றன. போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் ஆலை இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. இந்தப் பெரிய பெயர்களுக்குப் பின்னால் இவர்களுக்குப் பாகம் செய்து கொடுக்கிற சிறிய பட்டறைகள் ஏராளம். இவ்வளவும் பக்கத்தில் இருந்தும் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மாணவர்களில் பலர், கோடை விடுமுறையில் ஆன்லைனில் பணம் கட்டி ஒரு இன்டர்ன்ஷிப் சான்றிதழை வாங்கி ரெக்கார்டில் ஒட்டிவிடுகிறார்கள்.

அந்தச் சான்றிதழுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். நேர்காணலில் "அங்கே எந்த மெஷினில் வேலை பார்த்தாய்?" என்று கேட்டால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஆலைக்குள் நான்கு வாரம் நின்றவரிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

கல்விக்கான உதவித்தொகை, கோடைப் பயிற்சி, படிப்பு முடித்தபின் ஆலையில் சம்பளத்தோடு பழகும் அப்ரென்டிஸ்ஷிப் ஆகிய மூன்றுக்கும் கதவு வெவ்வேறு வருடத்தில் திறக்கிறது. வருடத்தைத் தவறவிட்டால் தகுதி இருந்தும் கிடைக்காமல் போகும். அதனால் வருடக் கணக்கிலேயே போவோம்.

(திரையில்: முதலாம் ஆண்டு)

முதலாம் ஆண்டு பணத்துக்கான ஆண்டு. பெரிய உதவித்தொகைகள் பலவற்றுக்கு, கல்லூரியில் சேர்ந்த அந்த ஒரு வருடத்தில்தான் விண்ணப்பிக்க முடியும்.

பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் பிரகதி உதவித்தொகை வருடத்துக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்களும், டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு இதே தொகைக்கு சாக்ஷம் என்ற திட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான்.

செட்டிக்கரையில் உள்ள தருமபுரி அரசுப் பொறியியல் கல்லூரியிலோ பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ சேர்ந்தவர்கள் சீமென்ஸ் உதவித்தொகையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது அரசுப் பொறியியல் கல்லூரிகளின் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கானது. பணத்தோடு தொழில் பயிற்சியும் சேர்ந்து வருவதால், உற்பத்தித் துறைக்குப் போக நினைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றைச் சொல்வது கடினம். ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளநிலை உதவித்தொகையும் முதலாம் ஆண்டினருக்குத்தான். படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 2 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

தமிழக அரசின் உதவிகள் உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கலந்தாய்வு வழியாகச் சேரும்போது கல்விக் கட்டணத்தில் 25,000 ரூபாய் வரை சலுகை உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். அது சின்னத் தொகைதான். ஆனால் கோடையில் ஓசூரில் தங்கிப் பயிற்சி எடுக்கும்போது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கைகொடுப்பது இந்தப் பணம்தான். முடிந்தவரை அதற்கென்று சேர்த்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில திட்டங்கள், வேறு அரசு உதவித்தொகை வாங்குபவர்களை ஏற்பதில்லை. விண்ணப்பிக்கும் முன் விதிமுறையைப் படித்து, எது உங்களுக்கு அதிகம் தருகிறது என்று கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் ஜூன், ஜூலையிலேயே இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாள் தாலுகா ஆபீஸ் வாசலில் அப்பாவை நிற்க வைக்க வேண்டாம்.

(திரையில்: இரண்டாம், மூன்றாம் ஆண்டு)

இப்போது பயிற்சிக்கு வருவோம். நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

பெரிய ஆலைகளுக்கு எழுதத்தான் வேண்டும், எழுதுங்கள். ஆனால் அங்கே இடம் குறைவு, போட்டி அதிகம். கிடைத்தாலும் ஒரே லைனில், ஒரே ஸ்டேஷனில் நிறுத்திவிட வாய்ப்பு உண்டு. என் கருத்தில், இரண்டாம் ஆண்டு முடித்த மாணவருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஓசூர் சிப்காட்டிலோ சிட்கோ தொழிற்பேட்டையிலோ பத்துப் பன்னிரண்டு மெஷின்கள் ஓடுகிற ஒரு நடுத்தர யூனிட். காலையில் கம்பி உள்ளே வருவதையும், கணினி இயக்கும் சி.என்.சி. லேத்தில் ஏறுவதையும், ஹீட் ட்ரீட்மென்டுக்கு வெளியே போய்த் திரும்புவதையும், கிரைண்டிங் முடிந்து கேஜில் சோதிப்பதையும், டெம்போவில் ஏற்றுவதையும் ஒரே கூரையின் கீழ் பார்த்துவிடலாம். ஒரு பாகம் ரிஜெக்ட் ஆனால் முதலாளியே வந்து நின்று ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். எந்தப் பாடப் புத்தகமும் அதைச் சொல்லித் தராது.

எப்படிக் கேட்பது? மே மாதம் போய் நின்றால் தாமதம். ஜனவரி, பிப்ரவரியிலேயே ஆரம்பியுங்கள். கல்லூரியிலிருந்து பொனஃபைட் சான்றிதழும் அனுமதிக் கடிதமும் வாங்குங்கள். விபத்துக் காப்பீடு கேட்பார்கள், அதையும் எடுத்துவிடுங்கள். ஓசூரில் சிறு, குறுந் தொழில்களுக்கு ஹோஸ்டியா என்ற சங்கம் இருக்கிறது. உங்கள் கல்லூரியின் பிளேஸ்மென்ட் அலுவலர் அந்தச் சங்கத்தோடு பேசினால், தனித்தனியாக ஐம்பது கேட்டில் நிற்க வேண்டியதில்லை.

மெயிலில் "எனக்கு ஒரு இன்டர்ன்ஷிப் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அது குப்பைக்குப் போகும். இப்படி எழுதிப் பாருங்கள்:

(திரையில் கடிதம்)

"ஐயா, நான் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஜூன் முதல் வாரத்திலிருந்து நான்கு வாரம் முழு நேரமும் வர முடியும். உங்கள் யூனிட்டில் ஏதாவது ஒரு மெஷினின் நிறுத்த நேரத்தை ஷிஃப்ட் வாரியாகக் குறித்து, காரணங்களைப் பிரித்து, கடைசி வாரத்தில் அறிக்கையாகத் தருகிறேன். வெர்னியர், மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியும். எக்ஸெல் தெரியும். உதவித்தொகை தந்தால் மகிழ்ச்சி, தராவிட்டாலும் வருகிறேன்."

கடைசி வரி உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. பணம் இல்லாமல் ஒரு மாதம் ஓசூரில் தங்க எல்லோராலும் முடியாது. முடியாதவர்கள் கூச்சப்படாமல், "தங்கும் செலவுக்கு மட்டும் உதவி வேண்டும்" என்று நேராகவே எழுதுங்கள். கேன்டீன் சாப்பாடும் கம்பெனி பஸ்ஸும் கிடைத்தாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

சரி, உள்ளே போய்விட்டீர்கள். நான்கு வாரம் என்ன செய்வது? கடிதத்தில் சொன்ன அந்த நிறுத்த நேரத்தையே எடுத்துக்கொள்வோம்.

(திரையில்: கணக்கு)

ஒரு ஷிஃப்ட் 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம். சாப்பாடு, டீ இடைவேளை 40 நிமிடம் போக 440. ஒரு பாகம் முடிய 2 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 220 பாகம் வந்திருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 170தான் இருக்கிறது. 50 பாகம், அதாவது 100 நிமிடம் எங்கே போனது?

உங்கள் வேலை அந்த 100 நிமிடத்தைத் தேடுவது. ஒரு நோட்டும் பேனாவும் போதும். மெஷின் எப்போது நின்றது, எப்போது ஓடியது, ஏன் நின்றது என்று நிமிடக் கணக்கில் எழுதுங்கள். தேய்ந்த வெட்டுமுனையை, அதாவது இன்சர்ட்டை, மாற்ற நின்றிருக்கும். முதல் பாகத்தை இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டு ஓ.கே. வரும்வரை காத்திருக்கும். ஒரு பாகத்திலிருந்து இன்னொரு பாகத்துக்கு செட்டிங் மாற்றும்போது பாகத்தைப் பிடிக்கிற ஜா, ஃபிக்சர், அதோடு புரோகிராம் எல்லாம் மாற வேண்டும், பெரும்பாலும் நேரத்தை விழுங்குவது அதுதான். மாற்ற வேண்டிய டூலைத் தேடுவதற்கே பதினைந்து நிமிடம் போயிருக்கலாம்.

ஒரு வாரக் கணக்கைக் காரண வாரியாகக் கூட்டி, பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாகக் கோடு போட்டால் அதுதான் பரேட்டோ வரைபடம். தேர்வுக்கு மனப்பாடம் செய்த அதே வரைபடம் இப்போது உங்கள் கையால் எடுத்த எண்களோடு நிற்கும். முதல் இரண்டு காரணங்களை எடுத்துக்கொண்டு, மெஷின் ஓடும்போதே முன்கூட்டிச் செய்துவைக்கக் கூடியது என்ன என்று யோசியுங்கள். அடுத்த பாகத்தின் டூல்களை டிரேயில் அடுக்கி வைப்பது, ஃபிக்சரை மெஷின் பக்கத்திலேயே கொண்டுவந்து வைப்பது மாதிரியான சின்ன விஷயங்கள்தான் முதலில் தோன்றும். அதைச் செய்து பார்த்து, எத்தனை நிமிடம் குறைந்தது என்று மறுபடி அளந்துவிட்டால் உங்கள் புராஜெக்ட் முடிந்தது.

இதில் ஒரு மரியாதை இருக்கிறது. கையில் வாட்சோடு வந்து நிற்கிறவரைப் பார்த்தால் ஆபரேட்டருக்குச் சந்தேகம் வரும், தன்னைப் பற்றி மேலே சொல்லப் போகிறான் என்று. முதல் நாளே, "அண்ணா, நான் மெஷின் நிற்கிற நேரத்தைத்தான் எழுதுகிறேன், உங்களைப் பற்றி எழுதவில்லை" என்று சொல்லி நோட்டைத் திறந்து காட்டுங்கள். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்துதான் பேச்சு நடக்கும், இந்தியும் உண்டு. நான்கு வார்த்தை கற்றுக்கொண்டு பேசுங்கள். மெஷினின் உண்மையான குணம் தெரிந்தவர் அந்த ஆபரேட்டர்தான். சேஃப்டி ஷூ இல்லாமல் உள்ளே போகாதீர்கள். ஓடுகிற மெஷினில் கை வைக்காதீர்கள், யார் சொன்னாலும்.

ஓசூர் தூரம் என்பவர்களுக்கு, முக்கியமாக வீட்டில் அனுப்பத் தயங்கும் பெண் பிள்ளைகளுக்கு, பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகள் சரியாக உங்கள் விடுமுறையில்தான் முழு வேகத்தில் ஓடும். பருவம் தொடங்கினால் பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கும். அது உணவுத் தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பாய்லரிலிருந்து நீராவி எப்படிப் போகிறது, வெப்பப் பரிமாற்றியில் கூழ் எந்த வெப்பநிலைக்கு ஏறி இறங்குகிறது, பம்ப் ஏன் அடைத்துக்கொள்கிறது, கிருமி நீக்கிய பைகளில் காற்றுப் படாமல் எப்படி நிரப்புகிறார்கள், டின்னின் மூடி இரட்டை மடிப்பாக உடலோடு எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்று எல்லாமே இயந்திரவியல்தான். அந்த மடிப்பை வெட்டி, கொக்கியின் நீளத்தையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் அளவையும் அளப்பார்கள். மில்லிமீட்டரில் சிறு பங்கு தவறினாலும் டின் கசியும். தரக் கட்டுப்பாட்டை இதைவிடத் தெளிவாக எங்கே பார்ப்பீர்கள்?

பாலக்கோட்டிலும் அரூர் அருகே கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அரவை முடிந்த பிறகு இப்படிப்பட்ட ஆலைகளில் மராமத்து நடக்கும். ரோலர், கியர், பேரிங் எல்லாம் கழற்றிக் கிடக்கும். ஓடும் ஆலையில் மூடியிருக்கும் உள்பாகங்களைப் பார்க்க அந்த நேரம்தான் வசதி.

(திரையில்: நான்காம் ஆண்டும் அதற்குப் பிறகும்)

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2024-இல் அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்துக்குக் கல்லூரி மாணவர்கள் பலர் விண்ணப்பிக்கப் பார்க்கிறார்கள். அறிவித்தபோதைய விதிப்படி முழு நேரம் படிப்பவர்களுக்கு அது கிடையாது. 21 முதல் 24 வயதுக்குள் இருந்து, படிப்பை முடித்து, வேலை கிடைக்காமல் இருப்பவர்களுக்காக அறிவித்தது. அப்போது சொன்னது 12 மாதம், மாதம் 5,000 ரூபாய், ஒரு முறை மட்டும் 6,000 ரூபாய்.

பி.இ. முடித்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது அப்ரென்டிஸ்ஷிப். 1961-ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டப்படி நடப்பது இது. என்.ஏ.டி.எஸ். எனப்படும் தேசிய அப்ரென்டிஸ்ஷிப் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2019-இல் திருத்திய விதி பொறியியல் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 என்று வைத்தது. நடப்பு விதி சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே தரக் கூடாது, மேலே எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம். குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு நிறுவனத்துக்குத் திருப்பித் தருகிறது. அதனால் சின்ன யூனிட்டுக்கும் உங்களை எடுப்பது பெரிய சுமை இல்லை. இந்த விவரம் தெரியாத முதலாளிகளும் உண்டு, போய் நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

பதிவுக்கு ஆதார், அதோடு இணைந்த வங்கிக் கணக்கு, ப்ரொவிஷனல் சான்றிதழ் வேண்டும். ஒப்பந்தம் இணையதளத்தில் பதிவானதா என்று முதல் மாதத்திலேயே பாருங்கள். பதிவாகாமல் வருடம் முழுவதும் வேலை பார்த்தால் கடைசியில் அரசுச் சான்றிதழ் வராது. எச்.ஆரிடம் ஒப்பந்த எண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.